பிங் போகுது, ஈஆர்பி திறக்கவில்லை: மூன்று ஊர் சர்வர்களுக்கு நடுவே டனல் போடும்போது

"பிங் போகுதுங்க, ஆனா ஈஆர்பி தொறக்க மாட்டேங்குது." கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சர்வர் பராமரிக்கிறவர்களின் போனுக்கு அடிக்கடி வரும் புகார் இது. பிங் என்பது எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனைச் செய்தி; ஈஆர்பி, கம்பெனியின் ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் சாஃப்ட்வேர். கேபிள் நன்றாக இருக்கும், இன்டர்நெட் ஓடும், ஸ்விட்சில் பச்சை விளக்கு எரியும். லாகின் பக்கம் மட்டும் பாதி வந்து அப்படியே நிற்கும். நெட்காரர் லைனில் ஒன்றும் இல்லை என்பார். சாஃப்ட்வேர்காரர் நெட்வொர்க்கைப் பாருங்கள் என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். கோளாறு அவர்கள் கை படாத இடத்தில், சர்வருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் ஸ்விட்சிலோ அதிலிருந்து இன்னொரு ஊர் சர்வருக்குக் கிளம்பும் டனல் என்ற சாஃப்ட்வேர் வழியிலோ உட்கார்ந்திருக்கும்.

நம் வட்டாரத்தில் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அலுவலகம் கோவை அவினாசி ரோட்டில், நிட்டிங்கும் தையலும் திருப்பூரில், ப்ராசஸிங் பெருந்துறை சிப்காட்டில். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சர்வர், அதற்குள் நாலைந்து விஎம், அதாவது சாஃப்ட்வேராக ஓடும் கற்பனைக் கம்ப்யூட்டர். விஎம் ஓட்டும் சாஃப்ட்வேர் விற்கும் விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. ஒருமுறை பணம் கட்டி வாங்கும் லைசென்ஸ் நின்று, சந்தா முறை வந்தது. அதன் பிறகு சிறிய நிறுவனங்கள் அதே வேலையை லினக்ஸில் செய்யும் பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் திரும்புவது கூடியது. விஎம்வேரில் திரையில் டிக் அடித்து முடித்த வேலையை, இப்போது லினக்ஸ் பிரிட்ஜ், ஓபன் விஸ்விட்ச், விஎக்ஸ்லேன் என்று பெயர் தெரிந்து செய்ய வேண்டியிருக்கிறது.

முதலாளி கேட்பது ஒரே வரிதான்: "மூணு ஊரும் ஒரே ஆபீஸ் மாதிரி இருக்கோணும்." இதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு மூன்று ஊரையும் ஒரே லேனாக, அதாவது ஒரே உள் நெட்வொர்க்காக, நீட்டிவிடுவதில்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதி பிறக்கிறது. அதற்கு முன்னால், ஒரே சர்வருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சர்வருக்குள் இருக்கும் ஸ்விட்ச்

விஎம் ஒன்றின் நெட்வொர்க் கார்டு ஹோஸ்ட் (விஎம்களைச் சுமக்கும் சர்வர்) பக்கத்தில் டேப் என்ற ஒரு கற்பனைப் போர்ட்டாகத் தெரியும். பிராக்ஸ்மாக்ஸில் 100ஆம் எண் விஎம்மின் முதல் கார்டு டேப்100ஐ0. இந்தப் போர்ட்டுகளும் சர்வரின் உண்மையான நெட்வொர்க் கார்டும் சேர்ந்து செருகப்படும் இடமே பிரிட்ஜ். பிராக்ஸ்மாக்ஸில் அதன் பெயர் விஎம்பிஆர்0. ரேக்கில் இருக்கும் ஸ்விட்ச் செய்வதையே இதுவும் செய்கிறது. எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரி) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும், 300 விநாடி அந்த முகவரியிலிருந்து சத்தமே இல்லையென்றால் மறந்துவிடும்.

முதல் தவறு ஐபி முகவரியில் நடக்கிறது. உண்மைக் கார்டை பிரிட்ஜில் சேர்த்த பிறகு அந்தக் கார்டு வெறும் போர்ட். அதற்கென்று ஐபி கிடையாது. ஹோஸ்ட்டின் ஐபியும் கேட்வேயும் பிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும். ஐபியைக் கார்டிலேயே விட்டுவிட்டு பிரிட்ஜில் சேர்த்தால் அந்த நொடியே எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) அறுந்துவிடும். ஓபன் விஸ்விட்சிலும் இதே கதைதான். பிரிட்ஜின் பெயரிலேயே ஓர் இன்டர்னல் போர்ட் உருவாகும், ஐபி அங்கே போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் எக்ஸ்டர்னல், இன்டர்னல், பிரைவேட் என்று மூன்று வகை ஸ்விட்ச் உண்டு. எக்ஸ்டர்னல் உருவாக்கும்போது ஐபி தானாகவே வி-ஈதர்நெட் என்ற புதுக் கார்டுக்கு நகர்ந்துவிடும். நடுவில் சில விநாடி தொடர்பு போவது இயல்பு. ஆனால் மேனேஜ்மெண்ட் ஓஎஸ் பகிர்ந்துகொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போனது திரும்பி வராது.

பிராக்ஸ்மாக்ஸின் நெட்வொர்க் கோப்பில் பிரிட்ஜ் எஸ்டிபி ஆஃப், பிரிட்ஜ் எஃப்டி 0 என்று இரண்டு வரிகள் இருக்கும். எஸ்டிபி, ஸ்விட்சுகளுக்கு நடுவே வட்டம் விழாமல் தடுப்பது; எஃப்டி, போர்ட் எழுந்ததும் காத்திருக்கும் நேரம். இரண்டாவது வரியைத் தேவையில்லை என்று அழிக்கிறவர்கள் உண்டு. அழித்தால் லினக்ஸ் தன் வழக்கமான 15 விநாடிக்குப் போய்விடும். புதிதாக எழுந்த விஎம்மின் போர்ட் எஸ்டிபி இல்லாவிட்டால் 15 விநாடியும், இருந்தால் 30 விநாடியும் பாக்கெட்டைக் கடத்தாமல் காத்திருக்கும். அதற்குள் டிஎச்சிபி (ஐபி முகவரி கொடுக்கும் சேவை) கேட்டுக் களைத்துப்போன விண்டோஸ் 169.254 முகவரியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

விலேன் (ஒரே கேபிளில் டேக் எண் ஒட்டிப் பிரிக்கும் தனித்தனி லேன்) விஷயத்தில் கோளாறு பெரும்பாலும் வெளி ஸ்விட்சில்தான். பிரிட்ஜில் விலேன் அவேர் என்று டிக் போட்டு, விஎம்முக்கு டேக் 20 கொடுத்தாகிவிட்டது. ஆனால் சர்வர் செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட் இன்னும் அக்சஸ் போர்ட்டாக (டேக் இல்லாத ஒரே லேனுக்கு உரியதாக) இருந்தால், டேக் போட்ட பாக்கெட் அங்கேயே கழிக்கப்படும். ஹோஸ்ட்டின் மேனேஜ்மெண்ட் டேக் இல்லாமல் போவதால் அது மட்டும் வேலை செய்யும். ஹோஸ்ட்டுக்குள் போக முடிகிறது, விஎம்முக்கு மட்டும் ஐபி வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் போர்ட் ட்ரங்க்கா (பல டேக்கைக் கடத்துவதா), 20 அதில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான். ஹோஸ்ட்டில், போய்வரும் பாக்கெட்டைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஈ என்ற குறியோடு உண்மைக் கார்டின் மேல் ஓட்டினால், டேக் 20 வெளியே போவதும் பதில் வராமலிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். மேனேஜ்ட் ஸ்விட்ச் இல்லாத யூனிட்டில் விலேன் பற்றியே பேச வேண்டாம். சில மலிவு ஸ்விட்ச் டேக்கை அப்படியே கடத்தும், சில கடத்தாது. எது எப்படி என்று பெட்டியில் எழுதியிருக்காது.

விஎம்வேர் ஸ்விட்சுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எந்த விஎம்முக்கு எந்த மேக் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும், கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே விஎம்முக்குள் இன்னொரு பிரிட்ஜ் வைத்து அதன் பின்னால் வேறு மேக் முகவரிகள் பேசினால், ப்ராமிஸ்க்யுவஸ் மோட், மேக் அட்ரஸ் சேஞ்சஸ், ஃபோர்ஜ்ட் ட்ரான்ஸ்மிட்ஸ் என்ற மூன்று அமைப்புகளும் குறுக்கே நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சில் மூன்றுமே மறுப்பு நிலையில்தான் வரும். மாறிப் பார்க்கலாம் என்று விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐக்குள் பிராக்ஸ்மாக்ஸை ஒரு விஎம்மாகப் போட்டுச் சோதிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிராக்ஸ்மாக்ஸுக்கு நெட் வரும், அதற்குள் இருக்கும் விஎம்முக்கு வராது.

இரண்டு கேபிள் போட்டு பாண்டிங் செய்யும்போது (இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டும்போது) இரு முனையும் ஒரே மொழி பேச வேண்டும். ஹோஸ்ட்டில் எல்ஏசிபி (இரு முனையும் பேசிக் கேபிள்களைச் சேர்க்கும் முறை) போட்டு ஸ்விட்சில் ஒன்றும் செய்யாமல் விட்டால் பாண்ட் ஒழுங்காகச் சேராது. ஸ்விட்சில் ஒன்றும் செய்ய முடியாது என்றால் ஆக்டிவ்-பேக்கப் போதும்: ஒரு கேபிள் ஓடும், மற்றது காத்திருக்கும். வேகம் கூடாது, தலைவலியும் கிடையாது. ஈஎஸ்எக்ஸ்ஐயின் சாதாரண ஸ்விட்சில், ஐபி முகவரியைப் பார்த்துக் கேபிளைத் தேர்ந்தெடுக்கும் ஐபி ஹாஷ் முறையை வைத்தால், எதிரே எல்ஏசிபி இல்லாத நிலையான ஈதர்சேனல் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மேக் இரண்டு போர்ட்டில் மாறி மாறித் தெரிவதாக ஸ்விட்ச் லாகில் புலம்பிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. கேவிஎம் (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் பகுதி) ஓடும் அதே ஹோஸ்ட்டில், சின்ன வேலைதானே என்று, ஆப்களைத் தனித்தனி கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரை நிறுவுவது. டாக்கரின் பல பதிப்புகள், பிரிட்ஜ் வழியாகப் போகும் பாக்கெட்டையும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) வழியே அனுப்பும் கர்னல் பகுதியை ஏற்றிவிடும். கூடவே ஃபார்வர்ட் விதியின் இயல்பை ட்ராப் என்று மாற்றும். அதுவரை நன்றாக ஓடிய விஎம்கள் எல்லாம் வெளியுலகத் தொடர்பை இழக்கும். பிரிட்ஜைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் அதில் குறை தெரியாது. டாக்கருக்கு என்று ஒரு விஎம் போட்டு அதற்குள் வைத்துவிடுவது சுலபம்.

பெட்டிக்குள் பெட்டி

டனலைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பாலிபேக்கில் பனியன், அதை இன்னர் பெட்டியில், இன்னரை மாஸ்டர் கார்ட்டனில் வைத்து லாரி ஏற்றுகிறோம். வழியில் இருக்கிறவர்கள் கார்ட்டன் மேல் ஒட்டிய முகவரியை மட்டும் பார்க்கிறார்கள், உள்ளே எந்த சைஸ் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. விஎம் அனுப்பும் ஈதர்நெட் ஃபிரேம் முழுவதையும் இன்னொரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே ஹோஸ்ட்டின் முகவரியை ஒட்டி அனுப்புவதே விஎக்ஸ்லேன். 2014 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 7348 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளிவந்தது. விலேனுக்கு 12 பிட் எண், பயன்படுத்தக்கூடியவை 4094. விஎக்ஸ்லேனுக்கு 24 பிட், 1,67,77,216 எண்கள். நம் மூன்று யூனிட்டுக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது இரண்டாம் அடுக்கை, அதாவது ஈதர்நெட்டையே, ஐபி நெட்வொர்க்கின் மேல் சுமந்து போகும் திறன் மட்டும்தான்.

இதற்கு அண்ணன் ஜிஆர்இ. யுடிபி இல்லாமல் ஐபி நெறிமுறை எண் 47ஆக நேரடியாகப் போகும், ஆகவே நாட் செய்யும் (பல கருவிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும்) ரௌட்டர்களில் தடுமாறும். தம்பி ஜெனீவ், 2020ல் ஆர்எஃப்சி 8926, யுடிபி 6081. புதிதாகக் கையால் போடுகிறவர்களுக்கு விஎக்ஸ்லேன் போதும்.

விஎக்ஸ்லேனின் அதிகாரப்பூர்வ போர்ட் 4789. லினக்ஸ் கர்னலுக்கு விஎக்ஸ்லேன் 2012லேயே வந்துவிட்டது, அப்போது அந்த எண் ஒதுக்கப்படவில்லை. அதனால் போர்ட்டைச் சொல்லாமல் உருவாக்கினால் லினக்ஸ் இன்றும் 8472ஐ எடுத்துக்கொள்ளும். ஓபன் விஸ்விட்ச் 4789ஐ எடுக்கும். ஒரு பக்கம் கையால் எழுதிய லினக்ஸ், மறுபக்கம் ஓபன் விஸ்விட்ச் என்றால், இரண்டும் எழுந்து நிற்கும், பிழைச் செய்தி எதுவும் வராது, பாக்கெட்டும் வராது. போர்ட் எண்ணை இரு முனையிலும் எழுதிவிடுங்கள்.

விஎக்ஸ்லேனில் பூட்டு கிடையாது. உள்ளே இருப்பதை வழியில் யாரும் படிக்கலாம், போர்ட் திறந்திருந்தால் வெளியிலிருந்து ஃபிரேமை உள்ளே தள்ளவும் செய்யலாம். ஒரே கட்டடத்துக்குள் பரவாயில்லை. கோவையிலிருந்து பெருந்துறைக்கு இன்டர்நெட் வழியாக என்றால் அடியில் ஐபிசெக் அல்லது வயர்கார்டு போல பூட்டுப் போட்ட டனல் கட்டாயம். வயர்கார்டு மூன்றாம் அடுக்கில், அதாவது ஐபியில், வேலை செய்வது, அதில் ஈதர்நெட் தலைப்பே கிடையாது. அதை நேராக பிரிட்ஜில் செருக முடியாது. அதனால்தான் வயர்கார்டின் மேல் விஎக்ஸ்லேன்.

மூன்று ஊருக்கு வரைபடம் இப்படி: வயர்கார்டு முகவரிகள் கோவை 10.99.0.1, திருப்பூர் 10.99.0.2, பெருந்துறை 10.99.0.3. ஃபைபர் இணைப்பு எடுத்திருந்தாலும் பல இடங்களில் கிடைப்பது சிஜி-நாட் (நெட் நிறுவனமே பல வாடிக்கையாளருக்குப் பொதுவாக வைக்கும் நாட்) பின்னால் இருக்கும் முகவரி. வெளியிலிருந்து அதைத் தொட முடியாது. ஒரு இடத்துக்காவது நிலையான பொது ஐபி வாங்க வேண்டும். அது கோவை என்று வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் கோவையைக் கூப்பிடும். நாட் கதவு மூடிக்கொள்ளாமலிருக்க பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி. திருப்பூரிலும் பெருந்துறையிலும் கோவைக்கான அலவுட் ஐபி (அந்த முனை வழியாகப் போய்வரலாம் என்று அனுமதித்த முகவரி) 10.99.0.0/24 என்று முழு வரம்பாக இருக்க வேண்டும். கோவையில் ஒவ்வொருவருக்கும் /32 மட்டும். கோவை ஹோஸ்ட்டில் ஐபி ஃபார்வர்டிங் 1 ஆக இருந்தால் திருப்பூரும் பெருந்துறையும் கோவை வழியாகப் பேசிக்கொள்ளும். விஎம்களின் முகவரி வரம்பை அலவுட் ஐபியில் சேர்க்காதீர்கள். அவை கார்ட்டனுக்குள் இருப்பவை, வயர்கார்டின் கண்ணுக்கே படாதவை.

அதன் மேல் ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஒரே ஒரு விஎக்ஸ்லேன் கார்டு: எண் 5020, லோக்கல் முகவரி அந்த ஹோஸ்ட்டின் 10.99 முகவரி, போர்ட் 4789. பிறகு, எந்த மேக் எங்கே என்று வைத்திருக்கும் அதன் எஃப்டிபி பட்டியலில் 00:00:00:00:00:00 என்ற மேக்குக்கு மற்ற இரண்டு ஹோஸ்ட்டின் முகவரியையும் சேர்க்க வேண்டும். ரீப்ளேஸ் அல்ல, அப்பெண்ட். ரீப்ளேஸ் போட்டால் கடைசியாக எழுதியது மட்டும் மிஞ்சும், ஒரு ஊர் காணாமல் போகும். யாருடையது என்று தெரியாத பாக்கெட்டை இந்தப் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு நகல் அனுப்பு என்பது இதன் பொருள். பதில் வந்ததும் மேக் எங்கே என்று கற்றுக்கொள்ளும். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகளில் நோலேர்னிங் என்ற சொல் ஒட்டிக்கொண்டு வரும். அது ஈவிபிஎன் மூலம் பிஜிபி (ரௌட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) மேக்கைச் சொல்லிக் கொடுக்கும் அமைப்புக்கு உரியது. இங்கே அதைப் போட்டால் வேலை செய்யத்தான் செய்யும், ஆனால் எல்லா பாக்கெட்டும் எல்லா ஊருக்கும் நகலாகப் போகும், லைன் ஏன் நிரம்புகிறது என்று தெரியாமல் விழிப்போம்.

பிராக்ஸ்மாக்ஸ் 8.1லிருந்து எஸ்டிஎன் (சாஃப்ட்வேரிலேயே நெட்வொர்க் அமைக்கும்) பகுதி நிறுவலோடு சேர்ந்தே வருகிறது. அதில் விஎக்ஸ்லேன் ஸோன் ஒன்று, பியர் பட்டியலில் மூன்று 10.99 முகவரிகள், ஒரு விநெட், அவ்வளவுதான்; மேலே சொன்ன பட்டியல் வேலையை அதுவே செய்துவிடும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) கட்டத்தை மட்டும் காலியாக விடாமல் எழுதிவிடுங்கள்.

50, 60, 1370

கார்ட்டனுக்குள் கார்ட்டன் வைத்தால் உள்ளே இடம் குறையும். லாரிக் கதவின் அகலம் மாறாது. ஈதர்நெட்டின் வழக்கமான கதவு 1500 பைட். விஎக்ஸ்லேன் எடுத்துக்கொள்வது வெளி ஐபி தலைப்பு 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் தலைப்பு 8, உள்ளே போகும் ஈதர்நெட் தலைப்பு 14, ஆக 50. மீதி 1450. உள்ளே விலேன் டேக்கும் சேர்ந்து போனால் இன்னொரு 4 போகும். வெளி நெட்வொர்க் ஐபிவி6 ஆக இருந்தால் 50க்குப் பதில் 70.

நம் அமைப்பில் அடியில் இருப்பது பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும்) பிராட்பேண்ட் என்றால் கதவே 1492. வயர்கார்டு ஐபிவி4 மேல் 60 பைட் எடுக்கும், ஐபிவி6 மேல் 80. அதன் இயல்பு எம்டியூ 1420. 1420 கூட்டல் 60, 1480; 1492க்குள் அடங்குகிறது. 1420ல் விஎக்ஸ்லேனுக்கு 50 கழித்தால் 1370. விஎம்முக்குள் இருக்க வேண்டிய எண் அதுதான்.

விஎம் மட்டும் 1500 என்றே நினைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதில்தான் முதல் வரிப் புகாரின் விடை இருக்கிறது. வழியில் ரௌட்டர் இருந்தால், பாக்கெட் பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு என்று ஐசிஎம்பி செய்தி திருப்பி அனுப்பும். பிரிட்ஜுக்கு அந்த வாய் கிடையாது. இரண்டாம் அடுக்கில் இருப்பதால் பெரிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். லினக்ஸ் பிங் சுமப்பது 56 பைட், விண்டோஸ் பிங் 32. அவை எந்தச் சந்திலும் நுழைந்து போகும். டிசிபி (பாக்கெட் சேர்ந்ததா என்று பதில் பார்த்து அனுப்பும் முறை; யுடிபி அப்படிப் பார்க்காது) தொடங்கும்போது செய்யும் கைகுலுக்கலும் சின்னது, போகும். லாகின் பெயரும் பாஸ்வேர்டும் சின்னவை, போகும். சர்வர் முதல் முழு அளவுப் பக்கத்தை அனுப்பும்போதுதான் அடைக்கும். எஸ்எஸ்எச்சில் உள்ளே நுழைய முடிகிறது, பெரிய கோப்புப் பட்டியல் கேட்டதும் திரை உறைகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சோதிப்பது ஒரு நிமிட வேலை. துண்டாக்காதே என்ற கொடியோடு அளவு சொல்லிப் பிங் செய்ய வேண்டும். ஐபிக்கும் ஐசிஎம்பிக்குமான 28 பைட்டைக் கழித்து. லினக்ஸில் பிங் -எம் டூ -எஸ் 1342 (ping -M do -s 1342), விண்டோஸில் பிங் -எஃப் -எல் 1342 (ping -f -l 1342). இது போய், 1343 போகாவிட்டால் கணக்கு சரி. 1342ம் போகவில்லையென்றால், அடியில் நாம் எண்ணாத இன்னொரு உறை இருக்கிறது. கீழிருந்து மேலாக, முதலில் வயர்கார்டு முகவரிக்கு 1392 வைத்துப் பாருங்கள்.

எண்ணை விஎம்முக்குச் சொல்ல மூன்று வழி. பிராக்ஸ்மாக்ஸில் விர்டியோ வகைக் கற்பனைக் கார்டின் எம்டியூ கட்டத்தில் 1 என்று போட்டால் பிரிட்ஜின் எம்டியூவை எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் விஎம்களுக்கு டிஎச்சிபியின் 26ஆம் ஆப்ஷன் வழியாகவும் சொல்லலாம். விண்டோஸ் அந்த ஆப்ஷனைக் கண்டுகொள்வதில்லை. நெட்எஸ்எச் கட்டளையில் கையால் வைத்து, நிரந்தரமாகச் சேமிக்கவும் சொல்ல வேண்டும். அதே லேனில் இருக்கும் சாதாரண கம்ப்யூட்டர்களுக்கும் இதே எண்தான். ஒரு பக்கம் 1370, மறுபக்கம் 1500 என்றால் டிசிபி தன் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு என்ற) பேச்சில் சின்னதை எடுத்துக்கொண்டு தப்பிக்கும், யுடிபி தப்பிக்காது.

சாயப்பட்டறை மெஷின் கன்ட்ரோலர் போல எம்டியூவை மாற்றவே முடியாத பொருள் இருந்தால்? லினக்ஸில் விஎக்ஸ்லேன் எம்டியூவை 1500 என்றே வைத்து, வெளி பாக்கெட்டை இரண்டாக உடைத்து அனுப்ப விடலாம். ஆர்எஃப்சி இதைச் செய்யாதே என்கிறது, பெறும் முனை உடைந்த துண்டை வீசிவிடவும் அனுமதிக்கிறது. இரண்டு முனையும் லினக்ஸ் என்றால் ஒட்டவைத்துக்கொள்ளும். இரண்டு துண்டில் ஒன்று தொலைந்தாலும் முழுதும் தொலைந்ததுதான். கன்ட்ரோலர் விடும் சின்னச் செய்திகளுக்கு இது தாங்கும். டிசைன் ஃபைல் காப்பி செய்யத் தாங்காது.

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு ஹோஸ்ட்டை இணைக்கும்போது குறைப்பதை விடக் கதவைப் பெரிதாக்குவது நல்லது. கார்டிலும் ஸ்விட்சிலும் குறைந்தது 1550, டேக் இருந்தால் 1554. வழக்கமாக 1600 அல்லது 9000 வைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச் மட்டும் மறந்துபோனால் மறுபடி அதே சத்தமில்லாத அடைப்பு. பாண்ட் இருந்தால் ஹாஷ் முறையை லேயர்3+4 ஆக வையுங்கள். விஎக்ஸ்லேன் தன் மூலப் போர்ட்டை உள்ளே இருக்கும் பாக்கெட்டைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருக்கும். வெளி ஐபி இரண்டும் எப்போதும் ஒன்றே என்பதால், போர்ட்டைப் பார்க்காத ஹாஷ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் தள்ளிவிடும்.

எம்டியூ சரி, பெரிய பிங்கும் போகிறது, டிசிபி மட்டும் நொண்டுகிறது என்றால் கார்டின் ஆஃப்லோடை, அதாவது சிபியூ வேலையைக் கார்டே செய்வதை, சந்தேகியுங்கள். சில கார்டுகள் உறைக்குள் இருக்கும் பாக்கெட்டின் செக்சம்மை (பிழை பார்க்கும் எண்) தவறாகப் போடும். ஈத்டூலில் டனல் செக்மெண்டேஷன், டிரான்ஸ்மிட் செக்சம் இரண்டையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

மூன்று டனலும் ஒரு முக்கோணமும்

எம்டியூ தவறினால் ஒரு ஆப் நிற்கும். லூப் விழுந்தால் மூன்று ஊரும் நிற்கும்.

ஓபன் விஸ்விட்சில் வழக்கமாக ஒவ்வொரு எதிர்முனைக்கும் ஒரு டனல் போர்ட் போடுவார்கள். கோவையிலிருந்து திருப்பூருக்கு ஒன்று, பெருந்துறைக்கு ஒன்று. திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் நடுவே இன்னொன்று. படத்தில் பார்க்க அழகு. ஸ்விட்ச் கண்ணில் இது மூன்று ஸ்விட்சை மூன்று கேபிளால் வட்டமாக இணைத்தது. ஒரு ஏஆர்பி கேள்வி (இந்த ஐபி யாருடையது என்று எல்லோரையும் கேட்பது) கோவையிலிருந்து கிளம்பி, திருப்பூர் போய், பெருந்துறை போய், கோவைக்கே வந்து மறுபடி கிளம்பும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் எண் கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றில் ஒரு டனலை எடுத்துச் சங்கிலியாக்குங்கள், அல்லது மூன்று பிரிட்ஜிலும் எஸ்டிபியின் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபியை இயக்குங்கள்.

மேலே சொன்ன லினக்ஸ் முறையில், ஒரே விஎக்ஸ்லேன் கார்டு, அதற்குள் எல்லா முனைகளின் பட்டியல் என்று இருக்கும்போது இந்த ஆபத்து இல்லை. பிரிட்ஜ் ஒரு போர்ட்டில் வந்ததை அதே போர்ட்டில் திருப்பி அனுப்பாது. திருப்பூரிலிருந்து வந்த ஏஆர்பியைப் பெருந்துறை மறுபடி டனலுக்குள் விடாது. படத்தில் இரண்டும் ஒரே முக்கோணம், நடப்பது நேர் எதிர். கையால் எழுதும்போது ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி விஎக்ஸ்லேன் கார்டு உருவாக்கி எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜில் செருகுகிறவர்கள், இந்தப் பாதுகாப்பை அறியாமலே கழற்றி வைக்கிறார்கள்.

நம் ஊரில் லூப் வருவதற்கு இன்னொரு வழி இரண்டாவது இன்டர்நெட் லைன். ஒரு லைன் போனால் இன்னொன்று என்று, இரண்டாவது லைனிலும் ஒரு விஎக்ஸ்லேன் போட்டு அதே பிரிட்ஜில் சேர்ப்பது. முதல் லைன் அறுந்திருக்கும் வரை பிரமாதமாக ஓடும். அது உயிர்த்து வந்ததும் வட்டம் மூடிக்கொள்ளும். மாற்று வழி அடியில்தான் இருக்க வேண்டும்: வயர்கார்டின் எதிர்முகவரி எந்த லைன் வழியாகப் போகிறது என்பதை ரௌட்டர் மாற்றட்டும், மேலே விஎக்ஸ்லேன் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

லூப் விழுந்ததை அடையாளம் காண்பது கடினமில்லை. ரேக்கில் எல்லா ஸ்விட்ச் விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கும், ஹோஸ்ட்டில் கேசாஃப்ட்ஐஆர்க்யூ என்ற கர்னல் வேலை ஒரு சிபியூ கோரை முழுதாகத் தின்னும். டிமெசேஜ் என்ற கர்னல் லாகில், தன் சொந்த முகவரியை மூலமாகக் கொண்ட பாக்கெட் வந்தது என்ற பொருளில் வரி மேல் வரி ஓடும். அந்த வரியில் எந்தப் போர்ட் என்ற பெயர் இருக்கும். அதை இறக்கிவிட்டு அப்புறம் யோசிக்கலாம்.

இவ்வளவும் வேண்டுமா

ஈஆர்பி, கோப்பு, பிரிண்டர், ரிமோட் டெஸ்க்டாப், சிசிடிவி. இவற்றில் எதற்கும் இரண்டாம் அடுக்கு தேவையில்லை. கோவைக்கு 10.1, திருப்பூருக்கு 10.2, பெருந்துறைக்கு 10.3 என்று தனித்தனி வரம்பு கொடுத்து வயர்கார்டு வழியாக ரூட் செய்தால் போதும். விஎக்ஸ்லேனின் 50 பைட் மிச்சம், லூப் என்ற பேச்சே கிடையாது. எம்எஸ்எஸ் அளவைக் குறைத்து எழுதும் எம்எஸ்எஸ் கிளாம்ப் ஒரு வரி ரௌட்டரில் போட்டால் டிசிபியின் அளவுப் பிரச்சினையும் தீர்ந்தது. நீட்டுவதற்கு நியாயமான காரணங்கள் குறைவு. கேட்வே எழுத இடமே இல்லாத பழைய மெஷின் கன்ட்ரோலர், பிராட்காஸ்ட் மூலம் மட்டுமே லைசென்ஸ் சர்வரைத் தேடும் சாஃப்ட்வேர், ஐபி மாறாமல் விஎம்மை இன்னொரு ஊருக்கு நகர்த்துவது. அப்போதும் அந்த ஒரு விலேனை மட்டும் நீட்டுங்கள், முழு அலுவலகத்தையும் அல்ல.

முழுதாக நீட்டியவர்களுக்கு முதல் வாரத்தில் தெரிவது டிஎச்சிபி. கோவையிலும் பெருந்துறையிலும் ஆளுக்கொரு டிஎச்சிபி சர்வர் ஏற்கெனவே இருக்கும். இப்போது இரண்டும் ஒரே லேனில். பெருந்துறை கம்ப்யூட்டருக்குக் கோவை முந்திக்கொண்டு பதில் சொன்னால் கேட்வே கோவை ஆகிவிடும், அங்கே பார்க்கும் யூடியூப் வரை டனல் வழியாகக் கோவைக்கு வந்து போகும். விஎக்ஸ்லேன் போர்ட்டில் யுடிபி 67, 68 இரண்டையும் பிரிட்ஜ் நிலையிலேயே என்எஃப்டேபிள்ஸ் கொண்டு மறித்துவிட வேண்டும்.

மூன்று ஹோஸ்ட்டையும் ஒரே பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டராக்கும் ஆசையும் இங்கே கிளம்பும். கிளஸ்டரைக் கட்டிவைக்கும் கோரோசிங்குக்கு 5 மில்லி விநாடிக்குள் தாமதம் இருக்க வேண்டும். கோவைக்கும் திருப்பூருக்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான், ஃபைபரில் போய்வர அரை மில்லி விநாடி. ஆனால் இரண்டு ஊரிலும் வேறு வேறு நிறுவனத்தின் லைன் இருந்து, அவை சந்திப்பது சென்னையில் என்றால், பாக்கெட் கோவையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் போய், ஏறக்குறைய அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். பதிலும் அதே வழி. ஒளியின் வேகக் கணக்கிலேயே 10 மில்லி விநாடி ஆகிவிடும், கருவிகள் எடுக்கும் நேரம் தனி. எச்ஏ (ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் விஎம்மை இன்னொன்றில் எழுப்புவது) வேறு இயக்கியிருந்தால், லைன் ஒரு நிமிடம் போனாலே பெரும்பான்மை இழந்த ஹோஸ்ட் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். நெட் போனதற்கு சர்வர் ஏன் அணைந்தது என்று யாருக்கும் விளங்காது. மூன்றையும் தனித்தனி ஹோஸ்ட்டாக வைத்து, பேக்கப்பை மட்டும் இரவில் ஒன்றுக்கொன்று ஒத்திசைப்பது போதுமானது.

தூரத்திலிருந்து மாற்றும்போது

ஐபி லிங்க் கட்டளையால் போட்டது எதுவும் ரீபூட்டைத் தாண்டாது. கோப்பில் எழுத வேண்டும். ஓபன் விஸ்விட்ச் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்வதால் தாண்டும். சோதனைக்குப் போட்டு மறந்த டனல் போர்ட் மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும் என்பது அதன் மறுபக்கம். உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்று ஓட்டினால் 120 விநாடிக்குள் உறுதி சொல்லாவிட்டால் பழையபடி மாற்றிவிடும். பிராக்ஸ்மாக்ஸில் அப்படியில்லை. இன்டர்ஃபேசஸ் கோப்பை நகலெடுத்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து நகலைத் திருப்பி வைத்து ஐஎஃப்ரீலோட் ஓடும்படி ஆட் கட்டளையில் ஒரு வேலையைப் போட்டுவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். எல்லாம் சரியாக வந்தால் அந்த வேலையை ரத்து செய்துகொள்ளலாம்.

சர்வர் நின்றுபோனாலும் தூரத்திலிருந்து அதை இயக்க உதவும் ஐலோ அல்லது ஐடிராக் போர்ட்டை எங்கே செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். ஃபயர்வாலும் வயர்கார்டும் அதே ஹோஸ்ட்டுக்குள் ஒரு விஎம்மாக ஓடும் யூனிட்டுகள் நிறைய. பிரிட்ஜ் கெட்டால் அந்த விஎம்முக்கு வழியில்லை, அது இல்லாமல் ஐலோவுக்கும் வழியில்லை. ஐலோவின் கேபிள் இன்டர்நெட் ரௌட்டரின் சொந்த லேன் போர்ட்டுக்குப் போகட்டும். அதைத் தொட அந்த ரௌட்டரிலேயே தனியாக ஒரு விபிஎன் வழி இருக்கட்டும்.